நெட் கெல்லி: தூக்கில் தொங்கியவன் நாயகன் ஆன கதை



பிள்ளைகளோ பேரப்பிள்ளைகளோ ஆஸ்திரேலியாவில் இருக்கும் வீடுகள் நம் குடியிருப்பில் கணிசமாக உண்டு. அங்கே போய் இரண்டு மூன்று மாதம் தங்கிவிட்டு வருபவர்கள் ஓர் உருவத்தைக் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். காபிக் கோப்பை, டி-ஷர்ட், சாவிக்கொத்து என்று எதை எடுத்தாலும் அது இருக்கும். வாளியைக் கவிழ்த்தது போல ஓர் இரும்புத் தலை, கண் இருக்க வேண்டிய இடத்தில் குறுக்கே ஒரு நீளப் பிளவு. அதுதான் நெட் கெல்லி.

ஆஸ்திரேலியர்கள் ஒருவரின் துணிச்சலைப் புகழ வேண்டுமானால், அவர் நெட் கெல்லி மாதிரி துணிந்தவர் என்பார்கள். அநியாய விலை சொல்லும் கடைக்காரரையும் நெட் கெல்லி என்றுதான் திட்டுவார்கள். ஒரே பெயர் புகழ்ச்சிக்கும் வசைக்கும் பயன்படுகிறது. காரணம் புரிய வேண்டுமானால் அவன் வாழ்க்கையைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஆங்கிலத்தில் எழுதுபவர்களுக்கு இல்லாத ஒரு சிக்கல் நமக்கு உண்டு. இவரை 'அவர்' என்பதா, 'அவன்' என்பதா? 25 வயதில் தூக்கிலிடப்பட்ட இளைஞன் என்பதால் 'அவன்' என்றே எழுதுகிறேன். அவன் வீரனா கொலைகாரனா என்பதைப் படித்து முடித்த பிறகு நீங்களே முடிவு செய்யுங்கள்.

பன்றித் திருட்டில் தொடங்கிய குடும்பம்

நெட்டின் தகப்பனார் ஜான் கெல்லி அயர்லாந்துக்காரர். இரண்டு பன்றிகளைத் திருடிய குற்றத்துக்காக 1841-ல் தண்டனை பெற்று, இன்று டாஸ்மேனியா என்று நாம் அழைக்கும் தீவுக்குக் கப்பலேற்றப்பட்டார். தண்டனைக் காலம் முடிந்ததும் விக்டோரியாவுக்கு வந்து எல்லன் குவின் என்ற பெண்ணை மணந்தார். மெல்போர்னுக்கு வடக்கே சுமார் 40 கிலோமீட்டரில் உள்ள பெவரிட்ஜ் என்ற ஊரில், 1854 வாக்கில் நெட் பிறந்தான்.

அந்தக் காலத்து விக்டோரியாவில் நிலம்தான் பெரிய பிரச்சினை. நம் ஊரில் புறம்போக்கில் குடிசை போட்டவரைக் குறிக்கும் 'ஸ்குவாட்டர்' என்ற சொல்லுக்கு ஆஸ்திரேலியாவில் நேர் எதிரான பொருள். அங்கே ஸ்குவாட்டர் என்றால் பல்லாயிரம் ஏக்கர் மேய்ச்சல் நிலத்தை முதலில் வளைத்துப் போட்டுப் பெரும் பணக்காரரானவர். 1860-களில் வந்த சட்டங்கள் ஏழைகளும் சிறு நிலத்தைத் தேர்ந்தெடுத்துத் தவணையில் பணம் கட்டி வாங்க வழி செய்தன. அப்படி வாங்கியவர் 'செலக்டர்'. பேச்சு வழக்கில் அவரைக் கிளிப் பெயரால் 'காக்கட்டூ' என்று கேலியாகச் சொல்வார்கள். மரம் வெட்டி, வேலி போட்டு, பயிர் செய்து, தவணையும் கட்ட வேண்டும். மண் நன்றாக இல்லாவிட்டால் கதி அதோகதிதான். நல்ல மண்ணும் தண்ணீரும் உள்ள இடங்கள் பெரும்பாலும் ஸ்குவாட்டர்களிடமே தங்கிவிட்டன.

கெல்லி குடும்பம் அவனெல் என்ற ஊருக்குக் குடிபோனது. அங்கே நெட்டுக்குச் சுமார் பத்து வயதில், ரிச்சர்ட் ஷெல்டன் என்ற சிறுவன் ஓடையில் மூழ்கப் பார்த்தான். நெட் குதித்து அவனைக் காப்பாற்றினான். அந்தச் சிறுவனின் பெற்றோர் தங்கச் சரிகைக் குஞ்சம் வைத்த பச்சைப் பட்டு இடைக்கச்சை ஒன்றைப் பரிசாகக் கொடுத்தார்கள். இந்தக் கச்சையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கதையில் மறுபடியும் வரும்.

அதே 1865-ல் ஒரு கன்றுத் தோலை வைத்திருந்ததற்காகத் தகப்பனாருக்கு 25 பவுண்டு அபராதம், அல்லது ஆறு மாதச் சிறை என்று தீர்ப்பானது. கட்டப் பணமில்லை, சிறைக்குப் போனார். வெளியே வந்தவர் குடியில் உடம்பைக் கெடுத்துக்கொண்டு 1866 டிசம்பரில் இறந்துபோனார். அந்த மரணத்தை அரசாங்கப் பதிவேட்டில் பதியச் சொல்லிப் போனவன் 12 வயது நெட். மூத்த மகன் என்ற பொறுப்பு அன்றைக்கே தலையில் ஏறிவிட்டது.

திருட்டுக் குதிரை

விதவைத் தாய் எல்லன் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு, வடகிழக்கு விக்டோரியாவில் கிரெட்டா பக்கம் 88 ஏக்கர் நிலம் எடுத்தார். உறவினர்கள் பலரும் குதிரை, மாடு திருட்டில் போலீஸுக்குப் பழக்கமானவர்கள். ஹாரி பவர் என்ற வழிப்பறிக்காரரோடு நெட் 15 வயதிலேயே சுற்றினான். காட்டில் ஒளிந்து வழிப்பறி செய்பவரை ஆஸ்திரேலியாவில் 'புஷ்ரேஞ்சர்' என்பார்கள். 'புஷ்' என்றால் காடும் நாட்டுப்புறமும்.

1871-ல் இன்னொருவன் கொடுத்த குதிரையில் ஏறி ஊருக்குள் வந்தான். அது திருட்டுக் குதிரை. தனக்கு அது தெரியாது என்று நெட் சொன்னது எடுபடவில்லை. குதிரையைக் கொண்டுவந்த ஐசையா ரைட்டுக்கு 18 மாதம், நெட்டுக்கு மூன்று வருடம். 1874-ல் விடுதலையான பிறகு அந்த ரைட்டோடு கையுறை இல்லாமல் 20 சுற்றுக் குத்துச்சண்டை போட்டு ஜெயித்தான் என்பது அந்தப் பக்கத்தில் இன்றும் பிரசித்தம்.

அதன்பின் சில வருடம் மர அறுவை ஆலைகளில் ஒழுங்காக வேலை பார்த்தான். அப்படியே இருந்திருக்கலாம். ஆனால் 1877-ல் மாற்றாந்தகப்பனோடு சேர்ந்து பெருமளவில் குதிரைத் திருட்டில் இறங்கினான். இதைப் பின்னாளில் அவனே ஒப்புக்கொண்டு எழுதியிருக்கிறான். ஆகவே, பாவம், ஒன்றும் தெரியாத பையன் என்று அவனைச் சொல்ல வழியில்லை.

தாய்க்கு மூன்று வருடச் சிறை

1878 ஏப்ரல் 15 அன்று ஃபிட்ஸ்பேட்ரிக் என்ற கான்ஸ்டபிள், நெட்டின் தம்பி டானைக் கைது செய்யத் தனியாக அவர்கள் வீட்டுக்குப் போனார். நெட் தன்னைத் துப்பாக்கியால் சுட்டுக் கொல்லப் பார்த்தான் என்று திரும்பி வந்து புகார் கொடுத்தார். அப்படி நடக்கவே இல்லை என்றது குடும்பம். நெட்டும் டானும் மலைக்காட்டுக்குள் ஓடிவிட்டார்கள். கையில் அகப்பட்ட தாய் எல்லன், மருமகன், பக்கத்து வீட்டுக்காரர் ஆகிய மூவர் மீதும் கொலை முயற்சி வழக்கு. தாய்க்கு மூன்று வருடக் கடுங்காவல். கைக்குழந்தையோடு சிறைக்குப் போனார். தீர்ப்புச் சொன்னவர் நீதிபதி சர் ரெட்மண்ட் பேரி.

புகார் கொடுத்த கான்ஸ்டபிள் இரண்டே வருடத்தில் போலீஸ் வேலையிலிருந்து நீக்கப்பட்டார். அதற்குள் காரியம் கைமீறிவிட்டது.

ஓடைக்கரையில் மூன்று உயிர்

1878 அக்டோபர் 26. கெல்லி சகோதரர்களைப் பிடிக்க நான்கு போலீஸ்காரர்கள் மாற்றுடையில் காட்டுக்குள் போய் ஸ்டிரிங்கிபார்க் கிரீக் என்ற ஓடைக்கரையில் கூடாரம் போட்டார்கள். நெட், டான், நண்பர்கள் ஜோ பைர்ன், ஸ்டீவ் ஹார்ட் ஆகிய நால்வரும் அவர்களை வளைத்துக்கொண்டார்கள். சண்டை முடிந்தபோது சார்ஜென்ட் மைக்கேல் கென்னடி, கான்ஸ்டபிள்கள் தாமஸ் லோனிகன், மைக்கேல் ஸ்கேன்லன் மூவரும் இறந்து கிடந்தார்கள். மெக்கின்டயர் என்ற ஒருவர் மட்டும் குதிரையில் தப்பினார். காயம்பட்ட கென்னடியைத் துரத்திப் போய்ச் சுட்டது நெட். அவருடைய கடிகாரத்தையும் எடுத்துக்கொண்டான்.

கென்னடிக்கு மனைவியும் ஐந்து பிள்ளைகளும். லோனிகனுக்கு மனைவியும் நான்கு பிள்ளைகளும். இந்த மூன்று பெயர்களையும் எந்தக் கோப்பையிலும் டி-ஷர்ட்டிலும் அச்சடிப்பதில்லை. அதனால்தான் முழுப் பெயரோடு எழுதினேன்.

இதற்குப் பிறகு விக்டோரியா அரசு ஒரு தனிச் சட்டமே போட்டது. நால்வரும் சட்டத்தின் பாதுகாப்பு இல்லாதவர்கள். கண்ட இடத்தில் யாரும் சுடலாம் என்றானது.

இரண்டு வங்கிகள்

அடுத்த பகுதியை ஒரு வங்கி ஊழியனாக இருந்தவன் என்ற முறையில் கொஞ்சம் கூடுதல் கவனத்தோடு படித்தேன்.

1878 டிசம்பரில் யூரோவா என்ற ஊரில் நேஷனல் வங்கி. முதலில் பக்கத்துப் பண்ணையைப் பிடித்து அங்கிருந்தவர்களை அடைத்துவைத்தார்கள். பிறகு வங்கிக்குப் போய் சுமார் 2,000 பவுண்டு பணமும் தங்கமும் எடுத்துக்கொண்டு, மேலாளர், அவர் மனைவி மக்கள், ஊழியர்கள் எல்லோரையும் வண்டியில் ஏற்றிப் பண்ணைக்கே கொண்டுபோனார்கள்.

1879 பிப்ரவரியில் எல்லை தாண்டி நியூ சவுத் வேல்ஸில் ஜெரில்டெரி என்ற சிற்றூர். சனிக்கிழமை இரவு போலீஸ்காரர்களை அவர்களுடைய லாக்கப்பிலேயே பூட்டினார்கள். ஞாயிறு முழுக்க போலீஸ் சீருடை போட்டுக்கொண்டு ஊருக்குள் நடமாடினார்கள். திங்கள்கிழமை வங்கிக்குள் நுழைந்தபோது மேலாளர் டார்ல்டன் குளித்துக்கொண்டிருந்தார்! இங்கேயும் சுமார் 2,000 பவுண்டு போனது. பெட்டகத்திலிருந்த கடன் பத்திரங்களையும் எடுத்து எரித்தார்கள்.

இந்த எரிப்பினால்தான் அவன் ஏழைகளின் நண்பன் என்ற பெயர் பரவியது. தவணை கட்ட முடியாமல் வங்கிக்கும் ஸ்குவாட்டருக்கும் பயந்து வாழ்ந்த விவசாயிக்கு, பத்திரம் எரிகிறது என்ற செய்தியே போதும். ஆனால் வங்கியில் வேலை பார்த்தவர்களுக்கு ஒன்று தெரியும். பத்திரம் எரிந்தால் கடன் எரிந்துவிடாது. பேரேட்டில் பற்று இருக்கும், தலைமை அலுவலகத்துக்குப் போன அறிக்கை இருக்கும். காகிதத்தை எரித்ததால் எந்த விவசாயியின் நிலைமையும் நிரந்தரமாக மாறிவிடவில்லை. கொள்ளைப் பணத்தில் ஒரு பங்கு ஆதரவாளர்களிடம் போய்ச் சேர்ந்தது. சிலர் பழைய கடன்களைப் புது நோட்டில் அடைத்தார்கள் என்பதும் உண்மைதான். கவுன்டருக்கு அந்தப் பக்கம் துப்பாக்கி முனையில் நின்ற குமாஸ்தாக்களும் சம்பளத்துக்கு வேலை பார்த்தவர்களே என்பதையும் மறந்துவிடக் கூடாது.

ஜெரில்டெரியில் நெட்டுக்குப் பணத்தைவிட முக்கியமான ஒரு வேலை இருந்தது. தன் தரப்பு நியாயத்தைச் சொல்லச் சொல்ல, ஜோ பைர்ன் எழுதிய 56 பக்கக் கடிதம், சுமார் 8,000 சொற்கள், அவன் கையில் இருந்தது. குடும்பத்துக்கு நடந்த கொடுமை, போலீஸின் அத்துமீறல், அயர்லாந்துக்காரர்கள் பட்ட பாடு என்று கோபமும் நையாண்டியும் மிரட்டலும் கலந்த கடிதம். உள்ளூர்ப் பத்திரிகை ஆசிரியரிடம் கொடுத்து அச்சடிக்க நினைத்தான். அவர் பயந்து ஓடிவிட்டார். கடைசியில் வங்கியின் கணக்கர் எட்வின் லிவிங் அதை வாங்கிக்கொண்டார். ஆனால் அவர் அச்சகத்துக்குப் போகவில்லை. மெல்போர்ன் போய் வங்கி அலுவலகத்தில் ஒப்படைத்துவிட்டார்.

அந்தக் கடிதம் அவன் உயிரோடு இருக்கும்வரை முழுதாக அச்சேறவே இல்லை. முழுமையாக வெளிவந்தது 1930-ல். இன்று அது விக்டோரியா மாநில நூலகத்தின் பொக்கிஷம். லிவிங் செய்தது சரியா? அவர் நிலையில் இருந்திருந்தால் நானும் அதையேதான் செய்திருப்பேன். ஆனால் ஒரு மனிதன் தன் தரப்பைச் சொல்ல எடுத்த முயற்சி 50 வருடம் முழுமையாக வெளிவராமல் கிடந்தது என்பதும் உண்மை.

கலப்பை இரும்பு

அரசு பரிசுத்தொகையை ஏற்றிக்கொண்டே போய் 8,000 பவுண்டு ஆக்கியது. யாரும் காட்டிக்கொடுக்கவில்லை. காரணம் பயம் மட்டும் இல்லை. 1879 ஜனவரியில் கெல்லியின் ஆதரவாளர்கள் என்று சந்தேகப்பட்ட 20-க்கும் மேற்பட்டவர்களைப் போலீஸ் பிடித்து, சாட்சியம் எதுவும் இல்லாமல் மாதக்கணக்கில் அடைத்துவைத்தது. அறுவடைக் காலத்தில் ஆண்பிள்ளையை உள்ளே வைத்தால் அந்த வீட்டின் கதி என்ன? அதுவரை ஒதுங்கியிருந்த குடும்பங்கள்கூட அதன்பிறகு கெல்லி பக்கம் சாய்ந்தன.

குயின்ஸ்லாந்திலிருந்து தடம் பார்ப்பதில் வல்ல பழங்குடியினரை வரவழைத்தார்கள். போலீஸைவிட அவர்களிடம்தான் நெட்டுக்குப் பயம்.

இந்தச் சமயத்தில்தான் கவசம் தயாரானது. கலப்பையில் மண்ணைப் புரட்டும் இரும்புத் தகடுகளை நெருப்பில் காய்ச்சி, அடித்து வளைத்து, மார்புக்கும் முதுகுக்கும் தலைக்கும் கவசம் செய்தார்கள். நெட் அணிந்ததன் எடை 40 கிலோவுக்கு மேல். நம் வீட்டுக்கு வரும் நிரம்பிய சமையல் கேஸ் சிலிண்டர் சுமார் 30 கிலோ என்றால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். கால்களுக்குக் கவசம் இல்லை.

கிளென்ரோவன்

1880 ஜூன் 26 அன்று, போலீஸுக்குத் துப்புக் கொடுத்த பழைய நண்பன் ஆரன் ஷெரிட்டை ஜோ பைர்ன் சுட்டுக் கொன்றான். செய்தி கேட்டுப் போலீஸ் தனி ரயிலில் வரும் என்பது நெட்டின் கணக்கு. கிளென்ரோவன் என்ற ஊரில் ரயில்வே தொழிலாளிகளை மிரட்டித் தண்டவாளத்தைப் பெயர்த்துப் போட்டான். அந்த ரயில் கவிழ்ந்திருந்தால் எத்தனை பேர் செத்திருப்பார்கள்! அவனை ஏழைப்பங்காளன் என்று மட்டும் பாடுபவர்கள் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

ஊரில் சுமார் 60 பேரை ஆன் ஜோன்ஸ் என்ற பெண்மணியின் விடுதியில் அடைத்துவைத்தார்கள். அதில் தாமஸ் கர்னோ என்ற பள்ளி ஆசிரியரும் ஒருவர். நயமாகப் பேசி அனுமதி வாங்கிக்கொண்டு வீடு திரும்பிய அவர், சிவப்புத் துணிக்குப் பின்னால் மெழுகுவத்தியைப் பிடித்துக்கொண்டு தண்டவாளத்தில் நின்று ரயிலை நிறுத்தினார். கையில் துப்பாக்கி இல்லாத ஓர் ஆசிரியர் ஒரு ரயில் நிறைய உயிரைக் காப்பாற்றினார். இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த மனிதர் இவர்தான்.

28-ஆம் தேதி அதிகாலை போலீஸ் விடுதியைச் சுற்றிச் சுட்டது. உள்ளே பெண்களும் குழந்தைகளும் இருப்பது தெரிந்தும் சுட்டார்கள். விடுதிக்காரியின் 13 வயது மகன் உட்படப் பணயக்கைதிகள் மூவர் குண்டடிபட்டு உயிரிழந்தார்கள். ஜோ பைர்னும் இறந்தான். முதலிலேயே காயம்பட்டு இருட்டில் வெளியேறியிருந்த நெட் அப்படியே தப்பி ஓடியிருக்கலாம். ஓடவில்லை. விடியற்காலை மூடுபனியில், போலீஸுக்குப் பின்புறமிருந்து, அந்த இரும்பு உருவம் சுட்டுக்கொண்டே நடந்து வந்தது. தம்பியையும் நண்பனையும் காப்பாற்ற வந்தான். குண்டுகள் கவசத்தில் பட்டுத் தெறித்தன. கடைசியில் ஒருவர் கால்களைப் பார்த்துச் சுட, விழுந்தான். டானும் ஸ்டீவும் விடுதிக்குள்ளேயே இறந்தார்கள். போலீஸ் விடுதிக்குத் தீ வைத்தது.

காயம்பட்டவனின் கவசத்தைக் கழற்றியபோது உள்ளே இடுப்பில் இருந்தது, பத்து வயதில் பரிசாகக் கிடைத்த அதே பச்சைப் பட்டுக் கச்சை. ரத்தக்கறையோடு அது இன்றும் பெனல்லா நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

தீர்ப்பு

1880 அக்டோபர் இறுதியில் மெல்போர்னில் இரண்டே நாள் விசாரணை. லோனிகனைக் கொன்ற குற்றம் நிரூபணமானது. மரண தண்டனை விதித்தவர், தாய்க்குத் தண்டனை கொடுத்த அதே நீதிபதி பேரி. தண்டனையைக் குறைக்கச் சொல்லி 30,000-க்கும் மேற்பட்டவர்கள் மனுவில் கையெழுத்துப் போட்டார்கள். பயனில்லை. அதே சிறையில் தண்டனை அனுபவித்துக்கொண்டிருந்த தாய் கடைசியாக மகனைப் பார்த்தார். நவம்பர் 11 அன்று தூக்கு. 12 நாள் கழித்து நீதிபதி பேரியும் நோயால் காலமானார்.

அதன்பின் அரசு ஒரு விசாரணைக் கமிஷன் அமைத்தது. போலீஸின் குளறுபடிகள் வெளியே வந்து, அதிகாரிகள் பலர் பதவி இழந்தார்கள். இது 1878-க்கு முன்பே நடந்திருந்தால் ஸ்டிரிங்கிபார்க் கிரீக்கில் மூன்று போலீஸ்காரர்கள் செத்திருக்க மாட்டார்களோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

பிறகு

1906 டிசம்பரில் மெல்போர்னில் அவன் கதை சினிமாவாக வந்தது. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடிய இதைத்தான் உலகின் முதல் முழுநீளக் கதைப்படம் என்கிறார்கள். யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றிருக்கிறது. அது வந்தபோது அவன் தாய் எல்லன் உயிரோடு இருந்தார். 1923 வரை வாழ்ந்தார். இதுபோன்ற படங்கள் கொள்ளையரைப் பெருமைப்படுத்துகின்றன என்று சில மாநிலங்கள் பின்னர் தடையும் போட்டன. 1940-களில் சிட்னி நோலன் வரைந்த ஓவியங்கள் அந்த இரும்புத் தலையை உலகப் புகழ் ஆக்கின. அவனைப் பற்றிய பீட்டர் கேரியின் நாவல் 2001-ல் புக்கர் பரிசு வாங்கியது. சிட்னி ஒலிம்பிக் தொடக்க விழாவில்கூட நெட் கெல்லி உருவங்கள் வந்தன.

சிறை வளாகத்தில் புதைத்த எலும்புகள் இடம் மாறி, 2011-ல் டி.என்.ஏ. சோதனையில் அடையாளம் காணப்பட்டன. மண்டையோடு மட்டும் கிடைக்கவில்லை. 2013 ஜனவரியில் கிரெட்டா கல்லறையில், தாய் புதைக்கப்பட்ட இடத்துக்கருகே, பெயர்ப்பலகை இல்லாமல் அடக்கம் செய்தார்கள்.

அடுத்த முறை மெல்போர்ன் போனால் மாநில நூலகத்துக்குப் போங்கள். கவசம் அங்கே இருக்கிறது. அந்த நூலகத்தை உருவாக்கப் பாடுபட்டவர் நீதிபதி பேரி. வாசலில் அவருடைய சிலை. உள்ளே அவர் தூக்குக்கு அனுப்பியவனின் கவசம். நேரமும் காரும் இருந்தால் மான்ஸ்ஃபீல்டு வரை போய்வாருங்கள். அந்த மூன்று போலீஸ்காரர்களுக்காக ஊர்மக்கள் 1880-ல் எழுப்பிய நினைவுச் சின்னம் அங்கே நிற்கிறது.

காமர்ஸ் படித்தவனுக்குப் பற்று ஒரு பக்கம், வரவு ஒரு பக்கம். கழித்து மீதி எடுப்பது வழக்கம். நெட் கெல்லியின் கணக்கில் அது முடியவில்லை. அவன் குடும்பத்துக்கு நடந்தது அநியாயம்தான். அதற்காகக் கென்னடியின் ஐந்து பிள்ளைகள் தகப்பனை இழந்தது நியாயமாகிவிடாது. பேரப்பிள்ளைக்கு அந்த இரும்புத் தலை போட்ட டி-ஷர்ட்டைத் தாராளமாக வாங்கிக் கொடுங்கள். வாங்கும்போது இரண்டு பக்கக் கதையையும் சேர்த்தே சொல்லிக் கொடுங்கள்.